தூங்க விடாத நாலு நீலாம்பரி

அத்தியாயம் 9

பிரேம்குமார் கண்ணைத் திறந்தபோது மூன்று முகங்கள் அவனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்று அவனுடைய முதலாளி ஜாஸ்மினுடையது. இன்னொன்று, காலை ஒன்பது மணிக்கு வயலின் பெட்டியோடு மாடியேறி வந்த யோகலட்சுமியுடையது. மூன்றாவது கீழ்க்கடை டீ மாஸ்டர். அவர் இவன் மூக்குக்குக் கீழே ஒரு விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருக்குது" என்றார் டீ மாஸ்டர், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

ஜாஸ்மின் நோட்டில் ஒரு கோடு போட்டாள். "மூணு நிமிஷம் பத்து செகண்டு. எட்டாவது தடவ தூங்கிட்ட, பிரேமு."

"சம்பளத்தோட தூங்கறது இதான் மேடம் மொதல் தடவ" என்றான் அவன், வாயைத் துடைத்துக்கொண்டே.

ஆம்பூர் பஸ் நிலையத்துக்கு எதிரே, ஷூ சோல் விற்கும் கடையின் மாடியில் இருந்தது அந்தத் துப்பறியும் அலுவலகம். ஜாஸ்மின் பதினான்கு வருடம் ஷூ கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தவள். தோலை ஒருமுறை விரலால் தடவிவிட்டு, இந்த மாடு வேலியில் இடது பக்கமாக உரசிக்கொள்ளும் பழக்கம் உள்ளது என்று சொல்லிவிடுவாள். மாடுகளைப் பற்றித் தெரிந்துகொண்டது போதும், இனி மனிதர்களைப் பார்ப்போம் என்று வேலையை விட்டுத் துப்பறிய வந்துவிட்டாள். பிரேம்குமாருக்கு அதே கம்பெனியில் புது ஷூவைப் போட்டுக்கொண்டு நடந்து பார்க்கும் வேலை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காததால், ஒருநாள் அந்த ஷூவோடு அப்படியே கேட்டுக்கு வெளியே நடக்கச் சொல்லிவிட்டார்கள்.

அன்று வெள்ளிக்கிழமை. யோகலட்சுமி கொண்டுவந்த வழக்கைச் சுருக்கமாகச் சொல்லலாம். யோகலட்சுமியால் அதைச் சுருக்கமாகச் சொல்ல முடியவில்லை என்பது வேறு விஷயம்.

அவர் குடியாத்தத்தில் வயலின் டீச்சர். வீட்டின் கீழ்த்தளத்தில் குடும்பத் தொழிலாக நான்கு விசைத்தறிகளில் லுங்கி ஓடும். மாடியில் இவர் பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக்கொடுப்பார். ஐம்பது வயதில் முதல்முறையாக அவரைத் தேடி ஒரு வாய்ப்பு வந்தது. தூக்கம் வராதவர்களுக்குச் செல்போனில் இசை போட்டுத் தூங்க வைக்கிற ஒரு பெங்களூர் கம்பெனி, அவரிடம் பன்னிரண்டு பதிவுகள் கேட்டது. எல்லாமே நீலாம்பரி ராகம், ஆலாபனை மட்டும், ஒவ்வொன்றும் கால் மணி நேரம். தாலாட்டுக்கென்றே இருக்கிற ராகம் அது. வீட்டில் தறிச் சத்தம் என்பதால், பேரணாம்பட்டில் தபரேஸ் என்பவருடைய ரெக்கார்டிங் அறைக்குப் போய் வாசித்துக் கொடுத்தார்.

கம்பெனி அந்தப் பன்னிரண்டையும் இருபது பேருக்குப் போட்டுச் சோதித்தது. எட்டுப் பதிவுகளுக்கு இருபது பேரும் அடித்துப்போட்ட மாதிரி தூங்கினார்கள். மீதி நான்கில் ஒருத்தர்கூடக் கண்ணை மூடவில்லை. ஒரு மனிதர் எழுந்துபோய் வீட்டிலிருந்த சட்டை முழுவதையும் இஸ்திரி போட்டிருக்கிறார். ஒரு அம்மா பரணை ஒழித்துத் துடைத்துவிட்டு, அடுத்த வீட்டுப் பரணும் அழுக்காக இருக்கிறதா என்று விசாரித்திருக்கிறார். இந்த நான்கையும் வாசித்தது நீங்கள் இல்லை, வேறு ஆளோ மெஷினோ வாசித்தது என்று கம்பெனி எழுதிவிட்டது. இன்று மாலை ஐந்து மணிக்குள் உண்மையான நான்கு வந்து சேரவேண்டும், இல்லையென்றால் ஒப்பந்தம் கிடையாது.

"நான் பன்னண்டும் வாசிச்சேன்" என்றார் யோகலட்சுமி. "அப்ப என்னோட நாலு எங்க போச்சு? தபரேஸ் எடுத்துட்டான். எவனுக்கோ குடுத்துட்டு, கம்ப்யூட்டர்ல பொய்யா நாலு பண்ணி வெச்சிட்டான்."

பையிலிருந்து டைப் அடித்த புகார் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். பேரணாம்பட்டு போலீசுக்கு எழுதியது. தபரேஸின் பெயர் அதில் ஆறு இடத்தில் இருந்தது, 'திருடன்' என்ற சொல் ஒன்பது இடத்தில். நாடு முழுவதையும் தாலாட்டித் தூங்க வைக்கிற இந்த அம்மாளுக்கு வருகிற கோபத்தைப் பார்த்தால், வீட்டில் ஒருத்தரும் தூங்கியே இருக்க மாட்டார்கள் என்று பிரேம்குமாருக்குத் தோன்றியது.

ஜாஸ்மின் அவரிடம் ஐந்து மணிவரை அவகாசம் வாங்கினாள். பிறகு எந்தப் பதிவு எது என்று சொல்லாமல், பன்னிரண்டையும் கலைத்துப்போட்டு பிரேம்குமாருக்கு ஒவ்வொன்றாக ஓடவிட்டாள். அவள் மட்டும் விழித்திருக்கப் பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டியதே தவிர, தூங்கவில்லை. பிரேம்குமார் எட்டுமுறை செத்துப் பிழைத்தான். நான்கில் மட்டும் விழித்திருந்தான். வெறுமனே விழித்திருக்கவில்லை. முதலாவதில் எழுந்து டீ கிளாஸ்களைக் கழுவினான். இரண்டாவதில் மூன்று வருட பைல்களை அடுக்கினான். மூன்றாவதில் மாடிப்படியைப் பெருக்கினான். நான்காவதில் தன் ஸ்கூட்டரைத் துடைத்துவிட்டு, பக்கத்தில் நின்ற யாருடைய புல்லட்டையோ துடைத்துக்கொண்டிருந்தபோது ஜாஸ்மின் இழுத்துக்கொண்டு வந்தாள்.

யோகலட்சுமிக்கு இந்தச் சோதனையில் நம்பிக்கையில்லை. காலையிலேயே பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்தவன் எதைக் கேட்டாலும் தூங்குவான் என்றார்.

"நாலுக்கு முழிச்சிக்கிட்டு இருந்தேனே மேடம்" என்றான் பிரேம்குமார். "வயித்துல இருந்தது அதே பிரியாணிதான்."

இவன் வாயிலிருந்து வந்த முதல் உருப்படியான வாதம் என்று ஜாஸ்மின் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள். கம்பெனி சொன்ன நான்கும் இவன் விழித்திருந்த நான்கும் ஒன்றுதான். கம்பெனி பொய் சொல்லவில்லை. அந்த நான்கு பதிவில் உண்மையாகவே ஏதோ இருந்தது.

பேரணாம்பட்டில் மூன்று மணிக்குச் சந்திக்கலாம் என்று யோகலட்சுமியைப் பஸ் ஏற்றிவிட்டு, இருவரும் ஸ்கூட்டரில் கிளம்பினார்கள். பாலாற்றைத் தாண்டும்போது பிரேம்குமார் பின்னால் திரும்பி, அந்த எட்டுப் பதிவைச் செல்போனில் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டினால் என்ன ஆகும் என்று கேட்டான். முன்னால் பார்த்து ஓட்டவில்லையென்றால் அது இல்லாமலே ஆகும் என்றாள் ஜாஸ்மின்.

தபரேஸ் வெள்ளித் தொழுகை முடிந்து தொப்பியோடு வந்துதான் அறையைத் திறந்தான். முப்பத்தைந்து வயது, மெலிந்த உடம்பு, சத்தம் போட்டுப் பேசத் தெரியாத ஆள். அவனுடைய மாமாவின் தோல் பதனிடும் டேனரியை ஒட்டி ஒற்றைச் சுவர் தள்ளி இருந்தது அந்த அறை. வெளிச்சத்தம் வராமலிருக்கச் சுவர் முழுக்கத் தோல் வெட்டு மிச்சங்களைச் சேர்த்து ஒட்டியிருந்தான். கறுப்பு, காப்பி, சிவப்பு என்று பல நிறத்தில் அந்த அறை ஒரு பெரிய செருப்புக்குள் வந்துவிட்ட மாதிரி இருந்தது. ஆறு வருடமாகக் கல்யாணப் பாட்டும் கடைத் திறப்பு விளம்பரமும் எடுத்துக்கொண்டிருந்தவனுக்கு, யோகலட்சுமியின் வயலின்தான் அந்த அறையில் பதிவான முதல் கச்சேரிச் சங்கீதம்.

புகாரில் என்ன எழுதியிருக்கிறது என்று ஜாஸ்மின் சொன்னாள். ஒன்பது இடத்தை ஒரே இடமாகக் குறைத்துத்தான் சொன்னாள். அப்படியும் தபரேஸ் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"அக்காவா சொன்னாங்க?" என்றான். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "அவங்க வாசிக்கறப்போ நான் மூச்சுகூட மெதுவாத்தான் வுடுவேன் மேடம். மைக்குல பட்டுடப்போவுதுன்னு" என்றான்.

இந்த ஊரில் திருட்டுப் பட்டம் விழுந்துவிட்டால் ஒருத்தரும் தன் குரலை நம்பி இவனிடம் கொடுக்க மாட்டார்கள். அறையைச் சாத்திவிட்டு மாமாவின் டேனரியில் தோலுக்கு உப்புப் போடத்தான் போகவேண்டும். பிரேம்குமாருக்கு வாயில் ஏதோ வேடிக்கைப் பேச்சு வந்தது. அதை முழுங்கிவிட்டான். அவனைப் பொறுத்தவரை அது பெரிய தியாகம்.

ஜாஸ்மின் பதிவுத் தேதிகளைக் கேட்டாள். தபரேஸ் கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகக் காட்டினான். எட்டும் திங்கள், புதன் என்று வேறு நாட்களில் எடுத்தவை. விழித்துக்கொண்ட நான்கும் வெள்ளிக்கிழமைகளில் எடுத்தவை.

"வெள்ளிக்கிழம ஏன் வெச்சீங்க பாய்?" என்றான் பிரேம்குமார்.

"அன்னிக்குத்தான் டேனரி லீவு. டிரம் ஓடாது. நிம்மதியா இருக்கும்னு நானேதான் அக்காவ வரச்சொன்னேன்."

ஜாஸ்மின் சுவரில் காதை வைத்தாள். அந்தப் பக்கம் தோல் ஊறப்போடும் டிரம்கள், ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கான மரப் பீப்பாய்கள், இன்று சும்மா நின்றன. மற்ற நாட்களில் அவை மெதுவாகச் சுழலும். உள்ளே கிடக்கும் ஈரத் தோல் மேலே ஏறி ஏறி, தன் கனம் தாங்காமல் தொப்பென்று கீழே விழும். ஏறும், விழும். நாளெல்லாம் இதுதான். இந்தப் பக்கத்தில் பிறந்தவர்கள் யாருக்கும் அது சத்தமாகவே தெரியாது. ஜாஸ்மினுக்கும் அது இதுவரை தோன்றவில்லை.

யோகலட்சுமி மூன்று மணிக்கு வந்தார். தபரேஸ் எழுந்து நின்றான். அவர் அவனைப் பார்க்காமல், நாற்காலியைப் பார்த்து உட்கார்ந்தார். ஜாஸ்மின் தொண்டையைச் சரிசெய்துகொண்டு தன் முடிவைச் சொன்னாள். திருட்டு எதுவும் நடக்கவில்லை. டிரம் விழுகிற அந்தத் தொப், நிமிஷத்துக்குப் பத்துமுறை, சுவர் வழியாக மைக்கில் ஏறியிருக்கிறது. கேட்பவர்களுக்குத் தெரியாமலே அது தொட்டில் ஆட்டியிருக்கிறது. வெள்ளிக்கிழமை டிரம் இல்லை, தூக்கமும் இல்லை.



"அப்ப என் நீலாம்பரி தூங்க வெக்கல" என்றார் யோகலட்சுமி, ஒவ்வொரு சொல்லாக. "மாட்டுத் தோலு தூங்க வெச்சுது. அதானே சொல்றீங்க?"

ஜாஸ்மின் பிரேம்குமாரைப் பார்த்தாள். அவன் கூரையைப் பார்த்தான். இந்தக் கேள்விக்குச் சரியான பதில் எது என்று அவனுக்குத் தெரியும், அதைச் சொன்னால் வயலின் தலையில் இறங்கும் என்பதும் தெரியும்.

காப்பாற்றியது தபரேஸ்தான். அதுவும் தனக்கு விரோதமாக. தயங்கித் தயங்கி அவன் சொன்னது, அது அப்படி இருக்க முடியாது என்பதுதான். டிரம் சத்தம் மைக்கில் விழுந்தது நிஜம். கம்பெனிக்கு அனுப்பும் முன் அந்த எட்டுப் பதிவிலிருந்தும் அதைக் கம்ப்யூட்டரில் சுத்தமாக எடுத்துவிட்டான். ஒரு பதிவுக்கு ஒருநாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறான். பெங்களூரில் கேட்டதிலும், காலையில் பிரேம்குமார் கேட்டதிலும் டிரம்மின் நிழல்கூட இல்லை. திரையைப் பெரிதாக்கிக் காட்டினான். வயலின் மட்டும்தான் அலை அலையாக ஓடியது.

ஜாஸ்மினின் முடிவு தொப்பென்று கீழே விழுந்தது. மணி மூன்றேகால்.

யோகலட்சுமி எழுந்தார். "அப்ப இவன்தான்" என்று புகாரைக் கையில் எடுத்துக்கொண்டார். போலீஸ் ஸ்டேஷன் எந்தப் பக்கம் என்று பிரேம்குமாரிடம் கேட்டார். அவன் ஆந்திரா இருக்கிற பக்கமாகக் கையைக் காட்டினான். நடந்து போய்ச் சேர்வதற்குள் ஒரு வாரம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டிருந்தான்.

"அஞ்சு நிமிஷம் உக்காருங்க" என்றாள் ஜாஸ்மின். தபரேஸின் பெரிய ஹெட்போனைத் தலையில் மாட்டிக்கொண்டு, கையில் மிச்சமிருந்த இரண்டு மிளகாயில் ஒன்றைக் கடித்துக்கொண்டு, கண்ணை மூடினாள். தோலைத் தடவுகிற மாதிரி விரல் நுனியை மேஜைமேல் வைத்துக்கொண்டு கேட்டாள். ஒரு பதிவில் ஒரு நிமிஷம், அடுத்ததில் ஒரு நிமிஷம். அவள் முகம் சிவந்தது. மிளகாயாலா கண்டுபிடித்ததாலா என்று பிரேம்குமாருக்குப் புரியவில்லை.

"தபரேஸ், வயலினுக்கு அடியில டிக்குனு ஒண்ணு கேக்குதே. பன்னண்டுலயும் இருக்குது. இன்னாது அது?"

தபரேஸ் தலையைக் குனிந்துகொண்டான். காது மடல் சிவந்தது. பலமுறை கேட்டபிறகுதான் பதில் வந்தது. அது அக்காவின் மெட்டி. தரையில் உட்கார்ந்து, வலது காலை நீட்டி, வயலின் தலையை அந்தப் பாதத்தில் சாய்த்து வாசிக்கும்போது கால் ஜமுக்காளத்துக்கு வெளியே போய்விடுகிறது. விரல் அசைய அசைய மெட்டி சிமெண்டுத் தரையில் படுகிறது. அதை எடுக்கப்போனால் வயலினும் சேர்ந்து போகிறது, அதனால் விட்டுவிட்டான்.

"அத அவங்ககிட்ட சொல்லியிருக்கலாமே" என்றாள் ஜாஸ்மின்.

"ஒரு லேடீஸ் காலப் பத்தி நான் எப்டி மேடம் பேசறது" என்றான் தபரேஸ், தரையைப் பார்த்தபடி. "கால கொஞ்சம் உள்ள இழுங்கன்னு சொல்லணும்னு மூணு மாசமா நெனக்கிறேன். வாய் வரல."

யோகலட்சுமி சட்டென்று புடவையை இழுத்துக் காலை மூடிக்கொண்டார்.

பன்னிரண்டிலும் ஒரே மெட்டி என்றால், பன்னிரண்டையும் வாசித்தது ஒரே ஆள். பொய்ப் பதிவு செய்கிற எந்தக் கம்ப்யூட்டரும் மெட்டி போட்டுக்கொள்வதில்லை. இதை ஜாஸ்மின் சொன்னதும் புகார் பிடித்திருந்த கை கொஞ்சம் கீழே இறங்கியது. ஆனால் அவள் இன்னும் முடிக்கவில்லை. எட்டுப் பதிவில் மெட்டி நிமிஷத்துக்குப் பத்துமுறை விழுகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் டிரம் விழுந்த அதே கணக்கு. வெள்ளிக்கிழமை நான்கில் எத்தனை என்று அவள் வாயால் சொல்லவில்லை. விரலால் மேஜைமேல் தட்டிக் காட்டினாள். டக டக டக டக என்று நிற்காமல் ஓடியது அது.

"இது இன்னா சத்தம், தெரியுதா?"

யோகலட்சுமி யோசிக்கவே இல்லை. "எங்க வீட்டுத் தறி" என்றார்.

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. உடனே மறுத்தார். ஆலாபனைக்குத் தாளமே கிடையாது, எந்த வேகத்திலும் தான் வாசிக்கவில்லை, தன்னிஷ்டத்துக்குப் போகிற இசை அது என்றார். இப்போதே வாசித்துக் காட்டுகிறேன் என்று பெட்டியைத் திறந்து தரையில் உட்கார்ந்தார். வில் கம்பியில் இறங்கியது. அழகான நீலாம்பரிதான். ஆனால் அரை நிமிஷத்தில் பிரேம்குமார் தன்னையறியாமல் தபரேஸின் ஒயர்களைச் சுற்றி அடுக்க ஆரம்பித்தான். தபரேஸ் கர்சீப்பை எடுத்துக் கம்ப்யூட்டரைத் துடைத்தான். ஜாஸ்மின் கீழே கைகாட்டினாள்.

யோகலட்சுமி தன் காலைப் பார்த்தார். மெட்டி விரல் லுங்கி நெய்துகொண்டிருந்தது.

வில் நின்றது. விரல் இன்னும் கொஞ்சநேரம் ஓடிவிட்டுத்தான் நின்றது.

ஜாஸ்மின் மெதுவாகச் சொன்னாள். பிறந்ததிலிருந்து தறிமேல் குடியிருக்கிற உடம்பு இது. அதன் வேகம் தறியின் வேகம். மற்ற நாளில் இந்த அறையில் தரையில் உட்கார்ந்ததும், டிரம் விழுகிற அதிர்வு தரை வழியாக உடம்பில் ஏறி அதை நிதானப்படுத்தியது. வெள்ளிக்கிழமை அதைப் பிடித்து நிறுத்த ஆளில்லை. தூங்க வைத்தது மாட்டுத் தோல் இல்லை, உங்கள் கைதான். டிரம் உங்களை மட்டும்தான் அடக்கியது.

"என்ன அடக்கறதுக்கு அவ்ளோ பெருசு தேவப்பட்டுச்சா?" என்றார் யோகலட்சுமி. குரல் முன்பிருந்த குரலில்லை.

மணி மூன்றரை. நான்கு பதிவுக்கு ஒரு மணி நேரம் வேண்டும். ஐந்துக்குள் முடித்துவிடலாம். யோகலட்சுமி தபரேஸைப் பார்க்காமலே, மைக்கைத் தயார் செய்யச் சொன்னார்.

தபரேஸ் அசையவில்லை. மேஜையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்து அவர் முன்னால் வைத்தான்.

"உங்க பன்னண்டும் இதுல இருக்குதுக்கா. எடுத்துக்கோங்க. இனிமே வேற எங்கியாவது எடுங்க. திருடன் வூட்ல வந்து வாசிச்சாங்கன்னு உங்க பேரு கெட வேணாம்."

கோபமாகச் சொல்லியிருந்தால் யோகலட்சுமிக்குப் பதில் சொல்லத் தெரிந்திருக்கும். அவன் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. அறை முழுக்க அவ்வளவு தோல் ஒட்டியிருந்தும், அந்தத் 'திருடன்' என்ற வார்த்தை எதிலும் உறிஞ்சப்படாமல் அங்கேயே நின்றது.  ஜாஸ்மின் நோட்டை மூடி வைத்தாள். இது துப்பறிகிறவர்கள் தீர்க்கிற விஷயமில்லை.

பிரேம்குமார்தான் வாயைத் திறந்தான். வேறு எங்கே எடுத்தாலும் அக்காவின் கால் தறி ஓட்டும் பாய், இந்தத் தரை இல்லாமல் ஆகாது என்றான். இன்று டிரம் ஓடாதே என்றான் தபரேஸ், யாரோ கேட்டதற்குப் பதில் சொல்கிற மாதிரி. மாமா வெள்ளிக்கிழமை சுவிட்சைத் தொடக்கூட விடமாட்டார். அதற்கும் ஜாஸ்மினிடம் வழி இருந்தது. அந்த வழியின் பெயர் பிரேம்குமார்.

சுவருக்கு அந்தப் பக்கம் டேனரி முற்றத்தில் உப்பு மூட்டைகள் கிடந்தன. பாதி நிரம்பிய ஒன்றை ஆறு செகண்டுக்கு ஒருமுறை தூக்கித் தரையில் போடவேண்டும். உப்பு மூட்டையின் சத்தம் மைக்வரை போகாது, அதிர்வு மட்டும் தரை வழியாகப் போகும். நிமிஷத்துக்குப் பத்து, மணிக்கு அறுநூறு. அறுநூறு முறையா என்று கேட்டான். நடுவில் ஒருமுறை தூங்கினாலும் மறுபடி முதலிலிருந்து அறுநூறு என்றாள் ஜாஸ்மின். காதில் வைக்கப் பஞ்சும், கடைசி மிளகாயும் கொடுத்தாள். டேனரியில் வேலை செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், டேனரியாகவே வேலை செய்கிற ஆள் நான் ஒருத்தன்தான் என்று முனகிக்கொண்டே அவன் சுற்றிக்கொண்டு போனான். வாட்ச்மேன் அவனை வினோதமாகப் பார்த்து உள்ளே விட்டார்.

சுவரில் ஒரு சின்ன ஜன்னல் இருந்தது. அது வழியாக எட்டிப் பார்த்தான். யோகலட்சுமி இன்னும் தரையில்தான் உட்கார்ந்திருந்தார். பென் டிரைவ் அவர் முன்னால் அப்படியே கிடந்தது. தபரேஸ் மேஜை ஓரத்தில் கைகட்டி நின்றான். பஞ்சைக் காதில் வைக்கப்போன பிரேம்குமார் நிறுத்திக்கொண்டான்.

யோகலட்சுமி வாயைத் திறந்தார், மூடினார். இருபத்தெட்டு வருடம் எல்லோரையும் தப்பு தப்பு என்று சொல்லிக்கொடுத்தே பழகிய வாய் அது. மனிதர் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல அதற்குத் தெரியவில்லை.

"தபரேசு" என்றார் கடைசியில். "மைக்க மட்டும் போடுப்பா. வாசிக்கல. சும்மா போடு."

ஆறு வருடப் பழக்கத்தில் அவன் கை தானாகப் போய் அதை அழுத்தியது. சிவப்பு விளக்கு எரிந்தது. யோகலட்சுமி மைக்கை நேராகப் பார்த்து, ஒவ்வொரு சொல்லையும் சுருதி சேர்க்கிற நிதானத்தில் சொன்னார்.

"வயலின், குடியாத்தம் யோகலட்சுமி. இத எடுத்தது பேரணாம்பட்டு தபரேஸ். அவரு எதையும் திருடல. தப்பா வாசிச்சது நான், பழி போட்டது நான். அவரு என்ன மன்னிக்கணும்."

தபரேஸ் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ரொம்பநேரம் திரும்பி நின்றான். கண்ணைத் துடைத்தான் என்பது ஜன்னலிலிருந்து நன்றாகத் தெரிந்தது. பிறகு ஜமுக்காளத்தை அவர் கால்வரைக்கும் வருகிற மாதிரி இழுத்துப் போட்டு, மைக்கைச் சரிசெய்து, தன் இடத்தில் போய் உட்கார்ந்தான்.

"பாட்டு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி பேசினது இருக்குதே" என்றான். "கம்பெனிக்கு அனுப்பறப்போ அத வெட்டிடட்டுங்களாக்கா?"

யோகலட்சுமி வில்லை எடுத்துக் கம்பிமேல் வைத்தார்.

"வெட்டினின்னா போலீசுக்குப் போவேன்" என்றார்.

பிரேம்குமார் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு மூட்டையைத் தூக்கினான்.